பெல்லாமி சாரின் அத்தாட்சி

மேடையேறி வந்த பேராசிரியை தெல்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பெல்லாமி விடவே இல்லை. எண்பதைத் தாண்டிய அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்குக் கண் கலங்கியிருந்தது. "இவதான் என் அத்தாட்சி" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். ஹேவன்பி ஊர் மண்டபம் கைதட்டியது.

தெல்மா சிரித்தபடி தலை தாழ்த்தினாள். நன்றி சொல்லத்தான் லீட்ஸிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பதினோரு வயதில் ஒரே ஒரு பரீட்சை. தேறிய பிள்ளை கல்லூரிக்கு வழிவிடும் கிராமர் ஸ்கூலுக்கு, தோற்ற பிள்ளை சாதாரணப் பள்ளிக்கு. அந்தப் பழைய முறையை அங்கே என்றைக்கோ எடுத்துவிட்டார்கள். திரும்பக் கொண்டுவரலாமா என்று முடிவெடுக்கத்தான் கல்விக் குழு அன்று கூடியிருந்தது. வேண்டும் என்றவர்களின் பெரிய பலம் பெல்லாமி. பெல்லாமியின் பெரிய பலம், ஹார்க்கர் வீட்டு இரட்டைப் பெண்கள்.

அவர்களைப் பற்றி அவர் பேசாத மேடையில்லை. புத்தகமும் எழுதிவிட்டார். அச்சில் வார்த்த மாதிரி இரண்டு பெண்கள். தெல்மா தேறினாள், கிராமர் ஸ்கூல் போனாள், குடும்பத்தையும் கல்வியையும் ஆராய்கிற சமூகவியல் பேராசிரியை ஆனாள். ஐவி தோற்றாள், பதினைந்து வயதில் மீன் வெட்டும் ஆலைக்குப் போனாள். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்து, நெஞ்சு கெட்டு, போன மாதம் செத்தும் போனாள்.

பேச அழைத்தபோது தெல்மா, தான் உரை ஏதும் எழுதி வரவில்லை, சாரிடம் சில கேள்விகள் கேட்கலாமா என்றாள். பெல்லாமி சந்தோஷமாக நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஒரு பிள்ளையை ஆக்குவது வீடா, பள்ளியா, பிறவி மூளையா என்று ஆராய வேண்டுமானால் மற்றதெல்லாம் சமமாக இருக்க வேண்டும் அல்லவா என்று ஆரம்பித்தாள். அதுதானே இரட்டையரின் விசேஷம் என்றார் அவர். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே படுக்கை, ஒரே உருளைக்கிழங்கு. வித்தியாசம் மூளையில் மட்டும்தான். அதைப் பரீட்சை காட்டிக் கொடுத்துவிட்டது.

பரீட்சை நடத்தியதில் தவறு நேர்ந்திருக்கலாமா என்று அடுத்துக் கேட்டாள். அவர் முகம் சுருங்கியது.

"என் பள்ளிக்கூடத்துலயா? பேர் எழுதின தாளை நானே மேசையில வெச்சேன். ஒருத்தியைப் பாத்து ஒருத்தி எழுதிடக் கூடாதுன்னு, உங்க ரெண்டு பேரையும் நானே தோளைப் பிடிச்சு மூலைக்கு ஒருத்தியா உக்கார வெச்சேன்."

பிள்ளைகள் அப்போது ஏதாவது சொன்னார்களா? ஒருத்தி எழுந்து ஏதோ சொல்ல வந்தாள் என்று பெல்லாமி சிரித்தார். ஸ்கேலால் மேசையில் ஓங்கி ஓர் அடி. அதன்பிறகு சத்தமே இல்லை. முடிவு வந்த மறுநாள் அவர்களுடைய தாய், ஆலையிலிருந்து நேராக, மீன் வாடையோடு வந்து வாசலில் நின்றதையும் அவரே சொன்னார். தோற்ற பிள்ளையின் தாய் வந்து அழாத வருடம் உண்டா? உள்ளே விடவே இல்லையாம். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

தெல்மா சிரிக்கவில்லை. அன்று அம்மா வீடு திரும்பி, கோட்டைக்கூடக் கழற்றாமல் இருட்டும்வரை அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

தேறுவதும் தோற்பதும் பிறவியிலேயே எழுதப்பட்டது என்பதில் சாருக்கு இப்போதும் சந்தேகம் இல்லையே என்று கேட்டாள். இரட்டையர் விஷயத்தில் தான் சொன்னது பொய்யென்றால் தன் புத்தகத்தை இந்த மேடையிலேயே கொளுத்தலாம் என்றார் பெல்லாமி. கல்விக் குழுவின் தலைவி அதைப் புன்னகையோடு ஆமோதித்தாள்.

தெல்மா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குரல் உயரவில்லை.

"ஐவி இருந்தவரைக்கும் என்னை இதைப் பேச விடல, சார். என்னைப் பள்ளிக்கூடத்தைவிட்டு அனுப்பிடுவாங்கன்னு முதல்ல பயந்தா. அப்புறம் என் வேலை போயிடும்னு பயந்தா. இனிமே பயப்பட அவ இல்ல."

பெல்லாமி அனுதாபத்தோடு அவள் தோளைத் தட்டிக்கொடுக்கக் கை நீட்டினார். அவள் விலகி உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு எழுந்து சொல்ல வந்தது ஐவி. வாசல்ல நின்னு அம்மா சொல்ல வந்ததும் அதேதான். எங்களை ஆள் மாத்தி, ஒருத்தி பேர் போட்ட தாள் முன்னால இன்னொருத்தியை உக்கார வெச்சுட்டீங்க."

பெல்லாமியின் கை இறங்காமல் அப்படியே நின்றது.

"பெயிலானது நான், சார்."