வாட்ச்காரர் வீட்டுப் பூனை

"மாசாமாசம் என் பூனையைப் பிடிச்சு அடைக்கிறீங்களே, வெட்கமா இல்லையா?" டீச்சரம்மாவின் குரல் மதில் தாண்டித் தெருக்கோடி வரை எட்டியது.

"கத்தாதீங்க டீச்சர், சாயங்காலம் விட்டுடறேன்," என்று கெஞ்சினார் கடிகாரம் பழுதுபார்க்கும் பக்கத்து வீட்டு வாட்ச்காரர். தனிக்கட்டை. கையெல்லாம் நகக்கீறல்.

அதற்குள் சுகாதார நர்ஸ் வந்துவிட்டாள். பூனையிடமிருந்து தொற்றும் கிருமி எத்தனை பேருக்கு இருக்கிறது என்று மாதாமாதம் வந்து கணக்கெடுப்பவள். ஊசிக்குப் பயந்து அவளை எப்போதோ விரட்டிவிட்டிருந்த டீச்சரம்மா, சன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காதைத் தீட்டினாள்.

"காய்ச்சல் உண்டா ஐயா? பசி எடுக்குதா? ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?"

ஒவ்வொன்றுக்கும் ஊர்க்கதை சேர்த்துப் பதில் சொன்னார் வாட்ச்காரர். ரத்தம் எடுத்துக்கொண்டு அவள் போனதும், பூனையை எட்ட நீட்டிப் பிடித்தபடி மதிலருகே வந்தார்.

"இந்தாங்க. எனக்குப் பூனைன்னாலே நடுக்கம்."

"அப்புறம் எதுக்கய்யா இந்தக் கூத்து?"

"பூனை இருக்கிற வீட்டுக்குத்தான் அந்தப் பொண்ணு வரும். தூங்கினியான்னு என்னை ஒரு வார்த்தை கேட்க வேற யாரு இருக்கா?"

டீச்சரம்மா திட்டாமலே பூனையை வாங்கிக்கொண்டாள். தெரு கண்டிராத அதிசயம். அடுத்த மாதம் அவளே பூனையை மதில்மேல் தூக்கிக் கொடுத்தாள்.

அதற்கடுத்த மாதம் மகனோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள், பூனையையும் தூக்கிக்கொண்டு. நர்ஸ் இப்போதும் தெருவுக்கு வருகிறாள். எதிர் வீட்டோடு திரும்பிவிடுகிறாள்.