பாறையில் உட்கார்ந்திருந்தவர்

புதுக்கோட்டையில் ஒரே ஆபீசில் குமாஸ்தாக்களாக இருந்த அழகுமலையும் யாக்கூபும் ஞாயிற்றுக்கிழமைகளில் அன்னவாசல் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் சித்தன்னவாசல் மலைக்கு நடப்பார்கள். 1958 மாசியில் ஒருநாள், திரும்பும் வழியில் யாக்கூபுக்குக் கால் பிசகிவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். மாட்டுவண்டி பிடித்து வருவதாகச் சொல்லிப் போன அழகுமலை, கடைசி பஸ் புறப்படுவதைக் கண்டதும் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை யாக்கூப் எப்போதும்போல ஆபீசுக்கு வந்தார். காலில் நொண்டல் இல்லை. வாரம் முழுக்க அதைப்பற்றி அவர் பேசவில்லை. எப்படி வந்தீர்கள் என்று கேட்க அழகுமலைக்கும் வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அழகுமலை தனியாகக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் பழம் வாங்கிக்கொண்டிருந்த யாக்கூப் கையசைத்து வழியனுப்பினார்.

மலைப்பாதையில், அதே பாறையில், வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு யாக்கூப் உட்கார்ந்திருந்தார்.

"இம்புட்டு வெரசா வந்துட்டீங்களேண்ணே," என்றார். "வண்டி கெடைக்கலையா? பரவாயில்லைங்க."

அழகுமலையால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பிக் குனிந்து முதுகைக் காட்டினார். யாக்கூப் ஏறிக்கொண்டார்.

"வேற ஆளா இருந்தா விட்டுட்டு பஸ் ஏறியிருப்பாங்க," என்று அன்னவாசல் வரை அவர் காதருகே சொல்லிக்கொண்டே வந்தார்.