எச்சில் சாட்சி

பல் முகாமில், எச்சிலில் ரத்தம் கலந்திருந்தால் சிவக்கும் என்று சொல்லி, ஒரு காகிதப் பட்டையை எச்சிலில் நனைத்துப் பார்த்தார்கள். புது மாப்பிள்ளை செழியனின் பட்டை சிவந்துவிட்டது. மாமனார் தேசிங்கின் பட்டை சலவை வேட்டி மாதிரி வெளுப்பாகவே இருந்தது.

"பாத்தியா ஜோதி," என்று மனைவியிடம் திரும்பினார் தேசிங்கு. "வீட்டுல சிகரெட் வாசன வருதேன்னு தேடினியே, ஆளு கெடச்சிட்டாரு. மாப்ள ஈறெல்லாம் ரத்தம், சிகரெட் பிடிச்சா இப்படித்தான். என் வாயப் பாரு. தெனம் சாயங்காலம் தனியா கிரிவலம் போறேனே, அந்தப் புண்ணியம்."

செழியன் சிகரெட்டைக் கையாலும் தொட்டதில்லை. "இல்லீங்க அத்தை..." என்று ஆரம்பித்தவன், ஜோதியம்மாள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

டாக்டரம்மா இருவர் வாயிலும் விளக்கடித்துப் பார்த்தார்.

"தம்பி, உங்களுக்கு ஈறு லேசா வீங்கியிருக்கு. ஒழுங்கா தேய்ச்சா சரியாயிடும்." பிறகு தேசிங்கின் கடைவாய்ப் பல்லை அசைத்தார். அது தாராளமாக ஆடியது. "ஐயா, உங்களுக்குத்தான் ஈறு நோய் ஜாஸ்தி."

"பட்டை வெள்ளையா இருக்குதேம்மா?"

"அதான் எனக்குச் சந்தேகமே. புகை பிடிக்கிறவங்களுக்கு ஈறுல ரத்த ஓட்டம் கம்மியாயிடும். நோய் முத்தினாலும் ரத்தம் அவ்வளவா வராது, டெஸ்ட்டும் ஏமாந்துடும். எத்தினி வருஷமா பிடிக்கிறீங்க?"

தேசிங்கு ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

ஜோதியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நாளையிலேர்ந்து கிரிவலத்துக்கு நானும் வரேங்க."