குழந்தைக்கு முதல் போர்வை

"பசை போட்டு ஒட்டுறதுக்கு இது என்ன தபால் உறையா? பச்சைக் குழந்தை படுக்கிற போர்வை."

மூத்த மருமகள் இப்படிச் சொன்னதும் இளையவள் பசைப் புட்டியை மடிக்குள் மறைத்துக்கொண்டாள்.

நாத்தனாருக்குப் பிரசவ நேரம். பிறக்கப்போகும் குழந்தைக்காக ஓரகத்திகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு போர்வை செய்துகொண்டிருந்தார்கள். துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாகச் சேர்த்து, நடுவே பஞ்சு வைத்த குட்டிப் போர்வை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் குழந்தையை யார் போர்வையில் முதலில் கிடத்துவது என்பதுதான் வீட்டில் பெரிய பேச்சு.

கல்யாணமாகி வந்தபின் இளையவள் இந்த வீட்டுக்கென்று கையால் செய்கிற முதல் பொருள் அது. தன்னுடையதில்தான் கிடத்த வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

"குண்டூசி ஒண்ணு மறந்து உள்ளேயே தங்கிட்டா குழந்தையைக் குத்துமே அக்கா. அதான் பசை. ஒரு தடவை அலசினா போயிடும். ஆனா அது காஞ்சதும்..."

மூத்தவள் நின்று கேட்டால்தானே? நேரே மாமியாரிடம் போனாள். தான் குண்டூசி குத்திக் குத்தி விரலெல்லாம் சல்லடையாகிக் கிடப்பதையும், சின்னவள் பசையைத் தடவிவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் சொன்னாள்.

மாமியார் தீர்ப்பு உடனே வந்தது. பெரியவள் போர்வைதான் முதலில். சின்னவளுடையது அலமாரியில் இருக்கட்டும்.

ஆனால் குழந்தைக்கு என்ன அவசரமோ, டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே வந்து பிறந்துவிட்டது. போர்வை இன்னும் முடியாததால் மூத்தவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். காபி கொடுக்கப் போனவர்களைக்கூட உள்ளே விடவில்லை.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று, மடிப்புக் கலையாத போர்வையோடு வெளியே வந்தாள்.

மாமியார் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"தையலே வெளியில தெரியல பாரு. குண்டூசி குத்திப் பொறுமையா செஞ்சா இப்படித்தான் வரும்."

எங்காவது ஒரு பிசிறு இருக்காதா என்று இளையவளும் தடவிப் பார்த்தாள். குறை சொல்ல முடியவில்லை. அவ்வளவு வழவழப்பு.

குழந்தையைக் கிடத்தினார்கள். அது ஒரு கொட்டாவி விட்டது. அப்புறம் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் போர்வையை நனைத்துவிட்டது.

"துரை முத்திரை குத்திட்டார்," என்றான் குழந்தையின் அப்பா. வீடே சிரித்தது.

மூத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி மாமியார் கையில் கொடுத்துவிட்டு, போர்வையைச் சுருட்டிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். துவைக்கிற வேலை என்றாலே அவளுக்குத் தலைவலி வந்துவிடும். இன்றைக்கு இவளுக்கு என்ன வந்தது என்று எல்லோருக்கும் ஆச்சரியம்.

வேறு வழியில்லாமல் இளையவளின் போர்வையை எடுத்து விரித்தார்கள். குழந்தை அதில் இரண்டு கையையும் விரித்துப் போட்டுக்கொண்டு தூங்கியே போனது. இளையவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே, அக்காவுக்கு ஒத்தாசை செய்யலாம் என்று குளியலறைக் கதவைத் தள்ளினாள்.

வாளியில் சதுரத் துணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மிதந்தன. பஞ்சு ஒரு பக்கம் ஊறிக் கிடந்தது. தண்ணீர் பால்போல வெளுத்திருந்தது.

"உன் புட்டியைத்தான் எடுத்தேன்," என்றாள் மூத்தவள், தலையைத் தூக்காமல்.

கூடத்திலிருந்து மாமியார் குரல் கேட்டது. "பெரியவளே, போர்வை நல்லாத்தானே இருக்கு?"

"அப்படியே இருக்கு அத்தை. காயப்போட்டு நாளைக்குத் தரோம்," என்று இளையவள் பதில் கொடுத்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூத்தவள் காதோரம் குனிந்தாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே அக்கா. பசை காஞ்சதும் அதுக்கு மேல தைக்கணும்."