மேற்கே விழுந்த சுவர்

"சுத்தலைன்னா எப்படி மேடம்? என் கடை போர்டு பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டே போச்சு." சலூன்காரர் விடுவதாக இல்லை.

"போர்டு சுத்தியிருக்கும். காத்து சுத்தலை," என்றார் வானிலை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண்.

தெருவே அவர் பின்னால் நடந்தது. சாய்ந்து கிடந்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று, உள்ளங்கையில் திசைகாட்டியை வைத்துப் பார்த்தார். நேற்று இடிமேகத்திலிருந்து கொட்டிய காற்று தரையில் மோதி, ஒரே திசையில் ஓடியிருக்கிறது என்றார். சுழன்றிருந்தால் மரங்கள் கண்டபடி விழுந்திருக்கும். இங்கே மரம், மின்கம்பம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வாரிவிட்ட தலைமயிர் போலக் கிழக்கே பார்த்துப் படுத்திருக்கின்றன என்றார்.

"அதான் எனக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கலை," என்றார் சலூன்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரர் சிரிக்கவில்லை. அடுத்தது அவர் வீடு.

அவர் வீட்டில் ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்ததோடு சரி. கிழக்குப் பக்கத்து வீடு வேன் ஓட்டும் அவர் தம்பியுடையது. தகரக் கூரை மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. வாசலை மறித்து மின்கம்பம் கிடந்தது. நேற்று அதன் கம்பிகள் பொறி கக்கிக்கொண்டிருந்தனவாம்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே, போன வருஷம் தம்பியோடு பேச்சு முறிந்தபோது தையல்காரர் எழுப்பிய சுவர். ஆள் உயரத்துக்கும் மேல். உச்சியில் பாட்டில் சில்லுகள்.

அதில் ஒரு கதவு அகலத்துக்கு இடிந்திருந்தது.

காற்று தள்ளிவிட்டது என்றுதான் நேற்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறந்த வீட்டிலிருந்து காலையில் திரும்பிய மனைவியிடமும் அதையேதான் சொன்னார்.

வானிலைப் பெண் இடிபாட்டின் முன் நின்றார். திசைகாட்டியைப் பார்த்தார். செங்கற்களைப் பார்த்தார்.

"இது மட்டும் ஏன் மேற்கே விழுந்திருக்கு? காத்து உங்க பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போயிருக்கு. சுவரும் அந்தப் பக்கம்தானே விழணும்?"

செங்கற்கள் அத்தனையும் தையல்காரரின் முற்றத்தில் கிடந்தன.



"ஏதாவது எதிர்க்காத்து..." என்று சலூன்காரர் எடுத்துக்கொடுத்தார்.

பெண் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்துத் திருப்பினார். கடப்பாரை கொத்திய பள்ளம் புதுச் சிவப்பாக இருந்தது.

மனைவி அதை எட்டிப் பார்த்தாள்.

சுவருக்கு அப்பால் தம்பி ஈரப் பாயை உதறிக்கொண்டிருந்தான். அவன் மகள் நெற்றியில் பிளாஸ்திரியோடு வேன் படியில் உட்கார்ந்து, பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காலடியில் கிடந்த சில்லு ஒன்றைச் செருப்பால் ஒதுக்கினார். பிறகு அதையே இன்னொரு முறை ஒதுக்கினார்.

"நீங்க பார்த்தீங்களா?" என்று பெண் தம்பியைக் கேட்டார்.

தம்பி பாயை மடித்தான். அவசரப்படவில்லை. பெண்ணின் கையிலிருந்த செங்கல்லைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான்.

"காத்துதான் மேடம். என் கண்ணு முன்னாடிதான் சாய்ஞ்சுது. அந்தக் கொத்து இன்னிக்குக் காலையில கல்லை ஒதுக்கும்போது விழுந்தது." பிறகு குரலை உயர்த்தாமல், "இல்லண்ணா?" என்றான்.

தையல்காரர் தலையை ஆட்டினார்.

பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செங்கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். கூட்டமும் நகர்ந்தது.

மனைவி முழங்கையால் இடித்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"கேட்டீங்களா? ஒரு வருஷம் கழிச்சு வாய் நிறைய அண்ணான்னு கூப்பிட்டுட்டான். நீங்கதான் இன்னும் கல்லு மாதிரி நிக்கறீங்க."

அவர் கேட்டிருந்தார். நேற்றும் கேட்டிருந்தார். தகரம் பறந்து, அந்தப் பக்கத்திலிருந்து கடப்பாரை சுவரை இடித்த பிறகு அந்தக் குரல் அவருடைய பின்கதவுக்கு வெளியே வந்து நின்று கூப்பிட்டது. கூடவே சின்னக் கை ஒன்று கதவைத் தட்டியது. திறந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும், கூரையைத் தூக்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கான்கிரீட் போட்ட கூரையின் கீழே, தாழ்ப்பாளைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார்.

குரல் ஓயும்வரை.