உள்ளே வைத்த பொட்டு

பதினோரு வருடமாக ஓடாத கம்ப்யூட்டரை, எடைக்குப் போடுவதற்கு முன் மெக்கானிக் அன்வரிடம் காட்டினேன். மூடியைக் கழற்றியவர் சிரித்தார்.

"ரேம் ஸ்லாட்டுல யார் சார் சந்தனம் வச்சது? காஞ்சு கல்லா கெடக்கு. அப்புறம் எப்படி ஆன் ஆகும்?"

நான்தான். அந்த வருட ஆயுத பூஜைக்குத் தூசி தட்டியபோது, வெளியே வைத்தது போதாதென்று உள்ளேயும் பொட்டு வைத்தேன். மறுநாள் அது ஓடவில்லை. முந்தின வாரம் கேம் ஏற்றியிருந்த மகள் எழிலரசியை, நீதான் கெடுத்தாய் என்று அடித்தேன். அதன்பின் அவள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.

அன்வர் சுரண்டி எடுத்ததும் திரையில் வெளிச்சம் வந்தது. கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

"கம்ப்யூட்டர் ஓடுதும்மா."

"நெசமாவா? அன்னிக்கு நான் அந்த கேம போட்டிருக்கக் கூடாதுப்பா."

சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன்.

"பரவால்ல, விடும்மா" என்றேன்.