கதவடியில் செருகிய சீட்டு

சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் வாடகைக்கு விட்டிருந்த வீட்டின் கதவில் வடிவேலு சாவியை நுழைத்ததுமே முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"யாருங்க நீங்க? இங்க குடியிருக்கவங்க தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்காங்க."

எதிர்வீட்டு ஆமினா பீவி, கையில் போனோடு நின்றார்.

"தெரியும்மா. ஜன்னலெல்லாம் பூட்டியிருக்கான்னு பாக்க வந்தேன்."

"திருடனும் அதைத்தான் முதல்ல பாப்பான்லா!"

"ஐயோ, நான்தாம்மா வீட்டுக்காரன்!"

"இப்படிச் சொல்வீங்கன்னு வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்திருக்காரு." ஆமினா பீவி ஒரு சீட்டைப் பிரித்துப் படித்தார். "'வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் நம்ப வேண்டாம். உடனே போலீஸை அழைக்கவும்.' எவ்வளவு விவரமான மனுஷன் பாருங்க!"

போன வாரம் அதை எழுதி, மணிகூட அடிக்காமல் ஆமினா பீவியின் கதவடியில் செருகிவிட்டுப் போனவர் வடிவேலுவேதான்.

போலீஸ் வரும்வரை அந்தப் பாராட்டு ஒன்றுதான் அவருக்கு ஆறுதல்.